மடிப்புக் கலையாத நீலச் சட்டை

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

உன் இஸ்திரிக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பாப்பாவும் இருக்கிறோம். வழக்கம்போல நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முதல் வரியிலேயே பொய் எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்த மீன் தொழிற்சாலைக் குளிரில் உன் கை விறைத்துப்போகாமல் இருக்கிறதா? ரப்பர் கையுறைக்குள் பழைய துணியில் ஓர் உறை தைத்துப் போட்டுக்கொள் என்று சொன்னேனே, செய்தாயா? நான் சொல்லி நீ என்றைக்குக் கேட்டிருக்கிறாய்.

வாராவாரம் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்கு இப்போது கடிதம் ஒரு கேடா என்று நினைப்பாய். நீ பேசும்போது பாப்பா என் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். இருப்பதோ ஒரே அறை. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளைப் பற்றி என்னத்தைப் பேசுவது? உனக்கும் லீவு நாளில் மட்டும்தான் போன், அதிலும் பின்னால் ஆள் நிற்கிறது என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ பதில் எழுதவேண்டும் என்று மெனக்கெடாதே. நாள் முழுக்க நின்று மீன் அடுக்கிவிட்டு வந்து பேனா பிடிக்க உனக்கு முடியாது. போன் பண்ணினால் போதும். உன் குரலைக் கேட்டாலே அவள் முகம் தெளிந்துவிடுகிறது. நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா, நீ எப்படிம்மா இருக்கே என்று எத்தனை அழகாகப் பேசுகிறாள். போனை வைத்த பிறகுதான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். அம்மா நினைப்பு, வேறென்ன.

விஷயத்துக்கு வருகிறேன். நீ கிளம்பும்போது இருந்ததைவிடக் குழந்தைக்கு அதிகமாகத்தான் இருக்கிறது. குழந்தை என்கிறேன், பதினாறு முடிந்துவிட்டது. குழாயைத் திறந்தால் தண்ணீருக்குள் ஆட்கள் அவளைப் பற்றிப் பேசுகிறார்களாம். அதனால் குளிக்கப் பயம். உன் நாத்தனார் வந்து, பக்கெட்டில் முன்கூட்டியே தண்ணீர் பிடித்து வைத்து, சத்தம் வராமல் துணியில் நனைத்து நனைத்துத் துடைத்துவிடுகிறாள். உனக்கும் என் தங்கச்சிக்கும் ஏழாம் பொருத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, இரண்டு தெரு தாண்டி வந்து முகம் சுளிக்காமல் செய்கிறாள். மாத்திரை போட்டால் அந்தச் சத்தம் கொஞ்சம் அடங்குகிறது. ஆனால் கை நடுங்குகிறது, உடம்பு போடுகிறது. பழைய பாவாடைகளை எல்லாம் நான்தான் பிரித்து அகலமாக்கித் தைத்தேன்.

வீட்டில் தனியாக விட முடியாமல் சலவைக் கடைக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன் அல்லவா. துணி மடிக்கிற மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வாள். நீ கவுண்ட்டரில் இருந்தபோது எழுதிய துணிச் சீட்டுகள் அங்கே ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. காலரில் கறை, கவனம். பட்டன் ஒன்று இல்லை, நாம் தொலைக்கவில்லை. இவர் கோபக்காரர், சொன்ன நேரத்துக்குக் கொடு. அதையெல்லாம் அள்ளிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறாள். துவைக்கும்போது கரைந்து துணியெல்லாம் காகிதத் துணுக்கு. அன்றைக்கு ஒரு நாள் திட்டிக்கூட விட்டேன்.

போன வாரம் ஒரு காரியம் செய்துவிட்டாள், பதறாமல் படி. நான் வாசலில் வண்டிக்காரனிடம் மூட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நீராவி இஸ்திரியில் ஆவி வருகிற இடத்தில் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பாய்ந்து இழுத்தேன். கை கொப்பளித்துவிட்டது, இப்போது ஆறி வருகிறது. சூடு பட்டா அவங்க பேச மாட்டாங்கப்பா என்று எனக்கே விளக்கம் சொன்னாள். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனாலும், இனிமேல் பொண்ணை இங்கே கூட்டிட்டு வராதே, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது என்று கேட்டார். இந்த மாதக் கடைசி வரைதான் தவணை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெரிய கண்ணாடி போட்ட நம் டாக்டரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே இந்த வயசுப் பிள்ளைகளுக்கு ஒரு பகல்நேர மையம் இருக்கிறதாம். காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டி வரலாம். டாக்டர், பாடம் சொல்லிக்கொடுக்க ஆள், மாத்திரை எல்லாம் அங்கேயே. மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. ஆனால் மருத்துவக் குழு பார்த்து, இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பாதிப்பு இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தால்தான் இடம். நாளைக் காலை அந்தக் குழுவுக்கு முன்னால் போகிறோம்.

ஏற்பாடெல்லாம் பலமாகச் செய்திருக்கிறேன். பாப்பாவுக்கு நீ எடுத்துக்கொடுத்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறேன். அந்தக் காலரைப் பார்த்தால் நீயே அசந்துபோவாய். உன் நாத்தனார் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட வருகிறாள். யாரோ போக்கிடம் இல்லாமல் வந்து நிற்கிறார்கள் என்று அந்தப் பெரிய டாக்டர்கள் நினைத்துவிடக் கூடாது. மரியாதையான குடும்பம் என்று தெரிந்தால்தானே நாலு வார்த்தை காது கொடுத்துக் கேட்பார்கள். எப்படி இருக்கேன்னு கேட்டா, தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்த்து, நல்லா இருக்கேன் சார், நன்றின்னு சொல்லணும் என்று பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நன்றாகவே பிடித்துக்கொண்டாள். இன்று முழுக்க அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீ கவலைப்படாதே, உடம்பைப் பார்த்துக்கொள். நாளைக்கு நல்லபடியாக முடியவேண்டும் என்று நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் இஸ்திரிக்காரன்


அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

போனில் நீ கேட்டபோது, இன்னும் முடிவு தெரியவில்லை என்று மழுப்பிவிட்டேன். அப்போதே தெரியும். பாப்பா பக்கத்தில் இருந்தாள், அதனால் வாயைத் திறக்கவில்லை. சான்றிதழ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர்தான் கேள்வி கேட்டார். உன் பேர் என்ன, எதுவரைக்கும் படிச்சே, இன்னைக்கு என்ன கிழமை. எல்லாவற்றுக்கும் கணீரென்று பதில் சொன்னாள். எப்படி இருக்கே என்றார். நல்லா இருக்கேன் சார், நன்றி என்றாள். எனக்கு அந்த நேரத்தில் பெருமையாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. பிறகு, காதுல ஏதாவது குரல் கேக்குதா என்று கேட்டார். பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். தலையை நிமிர்த்து என்று நான் கண்ணால் ஜாடை காட்டினேன். வேறொன்றும் இல்லை, தலை குனிந்திருந்தது, அதற்காகத்தான். அவள் நிமிர்ந்து, இல்லை சார், நன்றி என்று சொல்லிவிட்டாள். சரி போங்க என்றார்கள். வாசலில் வாங்கி வைத்த டீகூட ஆறியிருக்காது, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர்கள் எழுதிய அறிக்கையைக் கவுண்ட்டரில் கொடுத்தார்கள். முதல் வரி என்ன தெரியுமா? உடை சுத்தமாக, மடிப்புக் கலையாமல் உள்ளது. அடுத்து, தலை வாரப்பட்டுள்ளது. அதற்கடுத்து, கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். கடைசியில், பாதிப்பு லேசானது. நான் போட்ட இஸ்திரிதான் முதல் வரி. இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ கல்யாணக் கோட்டுக்கு இஸ்திரி போட்டிருக்கிறேன், ஒருத்தரும் எழுத்தில் பாராட்டியதில்லை. இவர்கள் பாராட்டி என் தலையில் கல்லைப் போட்டார்கள்.

லேசாம். உன் வீட்டுக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போய் வெச்சிருந்து பாருய்யா, லேசா கனமான்னு தெரியும் என்று கவுண்ட்டர்காரனிடம் எகிறிவிட்டேன். அவன் என்ன செய்வான், மறுபரிசோதனைக்கு எழுதிக் கொடுங்க என்று மட்டும் சொன்னான். கண்ணாடி டாக்டரிடம் அறிக்கையைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவங்களுக்கு உங்க பொண்ணைக் காட்டச் சொன்னா, நீங்க ஏன் இப்படிப் பண்ணீங்க என்று கேட்டார். ஆனாலும் நல்ல மனுஷன், மறுபடி பார்க்கச் சொல்லி அவரே ஒரு கடிதம் எழுதி, தேதியும் வாங்கிக் கொடுத்தார்.

அந்த நாலு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து படுத்தவள்தான், மறுநாளும் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு இல்லை, ஒரு வார்த்தை இல்லை. உன் நாத்தனார் ஊட்டியதையும் துப்பிவிட்டாள். உடம்பில் இருந்த தெம்பையெல்லாம் அந்த மேஜைக்கு முன்னால் செலவழித்துவிட்டு வந்திருக்கிறாள். அதைப் பார்க்கத்தான் அங்கே யாரும் இல்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு பஸ் டிரைவரோடு பழக்கம். அவருக்கும் இதே மாதிரி ஒரு பையன். முன்பெல்லாம் இவர் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டுதான் போவாராம். அவர் எனக்கு ஒரு யோசனை சொன்னார். ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திட்டுக் கூட்டிட்டு வாங்க, அப்பத்தான் அவங்க கண்ணுக்குத் தெரியும், நானும் அப்படித்தான் சான்றிதழ் வாங்கினேன் என்றார். அப்புறம் பையன் எப்படி இருக்கான் என்று கேட்டேன். மாத்திரையை மறுபடி கொடுத்தோம், ஆனா பழைய அளவுக்குத் திரும்பி வரலைங்க என்றார். அதற்குள் அவருக்குப் பணி நேரம் வந்துவிட்டது, போய்விட்டார்.

அன்றிலிருந்து இதே யோசனைதான். ஒரு வாரம். அந்த ஒரு வாரம் அவள் தவித்தால், இனி வரும் காலமெல்லாம் அவளுக்கு ஒரு இடம் கிடைக்கும். திரும்பி வராமலேயே போய்விட்டால்? யாரிடம் போய்க் கேட்பது? உன்னிடம்தான் கேட்க முடியும், அதுவும் போனில் வெளிப்படையாகக் கேட்க முடியாது. அதனால் அடுத்த முறை நீ பேசும்போது, பாப்பாவுக்குப் புதுச் சட்டை தைக்கலாமா என்று கேட்பேன். மாத்திரையை நிறுத்தலாம் என்றால் தைக்கலாம் என்று சொல். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். நீ எது சொன்னாலும் அதன்படி செய்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதலாளி கொடுத்த தவணை முடிந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து உன் நாத்தனாரின் மாமியாருக்குக் காய்ச்சல், அவளால் வர முடியவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் இருக்கிற வேலையும் போய்விடும். நானும் ஒரு பூட்டு வாங்கினேன். கத்தி, கத்தரிக்கோல், தீப்பெட்டி எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டுப் போனேன். அன்று நான் இஸ்திரி போட்ட துணியைப் பார்த்து முதலாளியே, என்னய்யா உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மத்தியானமே ஓடி வந்து கதவைத் திறந்தேன். கதவுக்கு நேரே தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த நீலச் சட்டையை எடுத்துப் போட்டிருந்தாள், பட்டன் எல்லாம் ஒன்று மாற்றி ஒன்று. தலையைத் தண்ணீர் தொடாமல் வறட்டு வறட்டென்று வாரியிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, நல்லா இருக்கேன் சார், நன்றி என்றாள்.

அந்தப் பூட்டைச் சாயங்காலமே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது உன் நாத்தனார் தன் வீட்டிலேயே காலை வேளையில் வைத்துக்கொள்கிறாள். எத்தனை நாளைக்கு அவளும் செய்வாள்?

போனில் நீ அழாமல் பேசு. பதிலை யோசித்துச் சொல்.

இப்படிக்கு,
உன் இஸ்திரிக்காரன்


அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

சான்றிதழ் கிடைத்துவிட்டது. இதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ கடைசி வரை திக்திக் என்று படிக்க வேண்டாம்.

புதுச் சட்டை தைக்கலாமா என்று நான் கேட்டதுமே, வேண்டவே வேண்டாம், இருக்கிற சட்டையே போதும் என்று சொன்னாய். சொல்லும்போது உன் குரல் போன போக்கு எனக்குத் தெரிந்தது. உனக்கு முன்னாலேயே பாப்பா அதற்குப் பதில் சொல்லியிருந்தாள். நீ போன் பண்ணுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், ஒரே ஒரு வேளை நிறுத்திப் பார்ப்போம் என்று மாத்திரையை எடுத்துக் கொடுக்காமல் சும்மா இருந்தேன். அவள் தண்ணீர் டம்ளரோடு வந்து என் முன்னால் நின்றாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன், அவள் நகரவில்லை. கை நடுங்கித் தண்ணீர் அவள் காலிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நல்லதுக்கென்று நினைத்தாலும் அதற்குமேல் எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே, இருக்கிற சட்டையோடுதான் போனோம். கொடியில் கிடந்ததை அப்படியே எடுத்து மாட்டிக்கொண்டாள். அப்பா, இஸ்திரி என்று கேட்டாள். இன்னைக்கு வேண்டாம்டா கண்ணு என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், தப்பாக ஏதோ சொல்லிவிட்ட மாதிரி. உடம்பு துடைத்தும் சில நாள் ஆகியிருந்தது, அவள் விடவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. உன் நாத்தனார் மட்டும், நாலு பேர் பார்த்தா நம்மளைத்தானே காறித் துப்புவாங்க, தலையாவது வாரி விடறேன் அண்ணா என்று சீப்போடு வாசல் வரை வந்தாள். எனக்கும் கை பரபரவென்றுதான் இருந்தது. பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். பாப்பா அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதற்குமேல் என்ன செய்ய முடியும்.

இந்த முறை நடுவில் ஒரு பெண் டாக்டர். எப்படி இருக்கே என்று அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, இவளால என்னென்ன முடியலைன்னு நீங்க சொல்லுங்க என்றார். பொண்ணை வெளியே உட்கார வெச்சிட்டுச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் பாப்பாவிடமே, நீ இருக்கியா, போறியா என்று கேட்டார். இருக்கேன் என்றாள்.

சொன்னேன். பெற்ற மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு அவள் குறையை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். குளிக்க மாட்டாள். கண்ணாடியில் துணி போட்டு மூடிவிடுவாள். தானே சிரிப்பாள். ஊட்டினால்தான் சாப்பாடு, அதிலும் விஷம் இருக்கிறதென்று நான் முதலில் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். கையைச் சுட்டுக்கொண்டது. துணி நனைந்தாலும் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருப்பது. வீட்டில் ஒரு நாள்கூட நான் இதைக் குறையாகச் சொன்னதில்லை, உனக்கு ஒண்ணும் இல்லைடா, நீ கெட்டிக்காரி என்றேதான் சொல்லி வந்திருக்கிறேன். அதே வாயால் அன்று இத்தனையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, கொஞ்சம் கூட்டியே சொல்லேன், இன்னும் மோசம் என்று சொன்னால்தானே கொடுப்பார்கள் என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. அந்த மனசை என்னவென்று சொல்வது. கூட்டவில்லை. கூட்டத் தேவையும் இருக்கவில்லை.

அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொல்லி முடித்தேன். அப்போதுதான் அவள், அப்பா ஒண்ணு விட்டுட்டாரு என்றாள்.

பாப்பா அம்மா, இனி எழுதப்போவதைத் தனியாக உட்கார்ந்து படி. அறையில் மற்ற பெண்கள் இருந்தால், அவர்கள் வேலைக்குப் போகும்வரை மடித்து வைத்திரு.

பெண் டாக்டர், என்ன விட்டுட்டாருன்னு சொல்லு என்றார். பாப்பா நிதானமாகச் சொன்னாள். போன்ல பேசறது அம்மா இல்லை, அம்மா குரல்ல வேற யாரோ பேசறாங்க என்றாள். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்னு சொன்னா அவங்க சீக்கிரம் வெச்சிடுவாங்க, அதனாலதான் அப்படிச் சொல்றேன் என்றாள். அம்மாவை எங்கே வெச்சிருக்கீங்கன்னு கேக்கணும்னு இருக்கும், கேட்டா அம்மாவை ஏதாவது செஞ்சிடுவாங்க, அதான் கேக்கறதில்லை என்றாள். அப்பா பாவம், அவருக்குத் தெரியாது, அது அம்மான்னு நினைச்சு அவர் பேசிட்டிருக்காரு என்று என்னைக் காட்டி முடித்தாள்.

நீ போன நாளிலிருந்து வாராவாரம் இப்படித்தான் நடந்திருக்கிறது. அவள் முகம் தெளிகிறது, அழகாகப் பேசுகிறாள் என்று நான்தான் உனக்கு எழுதினேன். அவள் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துப் பேசியிருக்கிறாள். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நான் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை.

அப்போ உங்க அம்மாதான்னு நீ எதை வெச்சுக் கண்டுபிடிப்பே என்று டாக்டர் கேட்டார். பாப்பா பாவாடைப் பையில் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பட்டன் ஒன்று இல்லை, நாம் தொலைக்கவில்லை. குரலை யார் வேணும்னாலும் போடலாம், இந்த மாதிரி யாராலும் எழுத முடியாது என்றாள். நீ ‘று’வின் வாலை அடுத்த வரி வரை இழுத்து விடுவாயே, நான்கூடக் கிண்டல் பண்ணுவேனே, அதன்மேல் விரலை வைத்துக் காட்டினாள். டாக்டர் அந்தச் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, பத்திரமா வெச்சுக்கோ என்று அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். நான் சீட்டுக்காகத் திட்டிய நாள் ஞாபகம் வந்தது.

கடுமையான பாதிப்பு என்று எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். எதற்கு அலையாய் அலைந்தேனோ அதுதான் கையில் இருக்கிறது. ரொம்ப நன்றிம்மா என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து அந்த வரியைப் படித்துவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதேன். பாப்பா பக்கத்தில் நின்றிருந்தாள். பஸ் வந்துடும்ப்பா என்றாள்.

மையத்தில் சேர்த்தாகிவிட்டது. காலையில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறேன், திரும்பும்போது கூட்டி வருகிறேன். யாரோடும் பேசுவதில்லை, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறாளாம். மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். சரியாகிவிடுமா என்று கேட்டால், பார்க்கலாம் என்று மட்டும்தான் சொல்கிறார்கள், எதுவரை என்று சொல்வதில்லை. போனில் பேசுவது அம்மாதான் என்று அவளோடு வாதாட வேண்டாம், அவளாகத் தெளியட்டும் என்றார்கள். அதனால் போனில் என்னோடு மட்டும் பேசு. ஒப்பந்தம் முடிய இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பாதியில் விட்டுவிட்டு வர விடமாட்டார்கள் என்பதும் தெரியும். அதனால் கிளம்பி வா என்று நான் எழுதவில்லை.

பதில் எழுத வேண்டாம் என்று முதலில் எழுதியிருந்தேன் அல்லவா, அதை மறந்துவிடு. இந்த உறைக்குள் கடைச் சீட்டுகள் கொஞ்சம் வைத்திருக்கிறேன், எல்லாம் வெற்றுச் சீட்டுகள். முதலாளியிடம் கேட்டுத்தான் எடுத்தேன். அவளுக்கு நீ அதிலேயே எழுது. இன்று எத்தனை கூடை மீன் அடுக்கினாய், கூட இருப்பவள் எப்படிக் குறட்டை விடுகிறாள், எதை வேண்டுமானாலும் எழுது. கை விறைத்து எழுத்துக் கோணிப்போகாமல், கையைச் சூடு பண்ணிக்கொண்டு எழுது. அது உன் எழுத்தாகவே இருக்க வேண்டும். சீக்கிரம் வருகிறேன் என்று எழுதாதே, அவள் வாசலிலேயே நின்றுவிடுவாள். எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதே. அந்தக் கேள்விக்கு நான் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்றுதான் அவளிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் சீட்டுக்காகக் காத்திருக்கும்
பாப்பாவும், உன் இஸ்திரிக்காரனும்